தாலித் தட்டு திரும்பி வரும்வரை

“மாப்பிள்ளைக்குக் கூடப் பெறந்த அக்கா இவ ஒருத்திதான். கைதான் வெளங்காதாம்ல” என்று கைகழுவும் இடத்தில் ஒரு குரல் சொன்னது. சொன்னவள் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பேசப்பட்டவள் தன் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறாள் என்று தெரியாமலே ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். உலகம்மை இடது கையைக் குழாயில் நீட்டினாள். பந்தியில் எதிரே இருந்த கிழவர் முகம் சுளித்துப் பார்க்கப் பார்க்க இட்லி தின்ற கை அது. அந்தக் குரல் குழாயடியோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அவளோடு படியேறி, செருப்புக் குவியலைத் தாண்டி, மணவறை வரைக்கும் வந்து, இப்போது நாயனச் சத்தத்துக்கு நடுவிலும் காதோரம் உட்கார்ந்திருந்தது. வெளங்காதாம்ல. அந்தக் கடைசி இழுப்பில்தான் எவ்வளவு ருசி. முன்பென்றால் இந்நேரம் ஓடிப்போய் மணப்பெண் அறையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். யார் முகத்தையும் நேராகப் பார்க்கத் தெரியாத பிள்ளை என்று அம்மாவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் இன்றைக்கு ஓட முடியாது. மேகலாவின் பின்னங்கழுத்துக்கு ஒரு முழம் தள்ளி, கனகாம்பரமும் மல்லிகையும் சேர்ந்து ஈரவாடை அடிக்கும் இந்த இடம் அவளுடையது. ஐயர் தேங்காயின் மேல் தாலியைச் சுற்றித் தட்டில் வைத்து மாமாவிடம் கொடுத்துவிட்டார். பெரியவர்கள் எல்லாரும் தொட்டுக் கும்பிட்டுத் தட்டு திரும்பி மேடைக்கு வர வேண்டும். வந்ததும் கெட்டிமேளம். தம்பி திருமலை முதல் முடிச்சைப் போடுவான். மீதி இரண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டியது. நாத்தனார் என்றால் அவள்தான். தட்டு இப்போது முதல் வரிசையில் இருந்தது.

வலது முன்கை முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் கட்டு. முழங்கைக்குக் கீழே தொடங்கி, புறங்கையின் மேல் ஓடு மாதிரி கவிந்து, விரல் நுனிகளையும் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருந்தது. மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்து, விரல்கள் நான்கும் மடங்கி, யாரிடமோ எதையோ கேட்டு நீட்டி வைத்த கைபோல. இல்லை, அப்படி இல்லை. கேட்கிற கை மல்லாந்து இருக்கும். இது கொத்த வரும் பறவைத் தலை மாதிரி என்று வேண்டுமானால் சொல்லலாம். காலையில் பெரியப்பா, “என்னட்டி, கராத்தே பழகுதியா?” என்று கேட்டுவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். கராத்தே பழகியிருந்தால் அம்மாவிடம் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். விடியற்காலையில் சேலை கட்டிவிடும்போதே அம்மா அந்தக் கட்டின் ஒட்டுப்பட்டியில் கைவைத்தாள். சர்ரென்று சத்தம். அந்தச் சத்தம் உலகம்மைக்கு வயிற்றுக்குள் கேட்கும். “ஒரே ஒரு நிமிசம்ட்டி. முடிச்சுப் போடுத நேரம் மட்டும் கழத்திட்டு, பொறவு மாட்டிக்கோ. டாக்டரம்மா வந்தா பாக்கப் போறா?” “முடியாதும்மா.” “ரெண்டு முடிச்சு. ரெண்டே ரெண்டு. மலையவா தூக்கச் சொல்லுதேன்?” “மலையும் முடிச்சும் இதுக்கு ஒண்ணுதான்.” “அப்போ முத்துச்செல்விய நிக்கச் சொல்லு. ஒங்க சித்தி அதுக்குத்தான் பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு முன்வரிசையில உக்காரக் காத்துக்கிட்டிருக்கா. ஏழு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. இன்னைக்கு அவ மக எம்மவன் கல்யாணத்துல மணவறை ஏறட்டும். நான் கண்ணு குளிரப் பாக்கேன்.” அம்மா அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை உலகம்மை இளகியிருப்பாள். அம்மா தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள், பின்னலை இன்னும் கொஞ்சம் இறுக்கி. உலகம்மை பட்டியின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து மறுபடி ஒட்டிக்கொண்டாள். கட்டையும் கழற்றமாட்டேன், இடத்தையும் விடமாட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எப்படி முடியும் என்று அம்மா கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

தட்டு இரண்டாவது வரிசைக்குப் போனது. ஒவ்வொரு கையாக நீண்டு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. முகங்களைவிடக் கைகள் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஊர்க் கடைத்தெருவில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் சட்டைக் கையை மடக்கி மேஜைமேல் நீட்டுவார்கள். அவள் நிமிர்ந்து பார்க்காமலே பேரைக் கேட்பாள், புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டுவாள், முழங்கை மடிப்பில் ஆட்காட்டி விரலை வைப்பாள். ஒளிந்திருக்கும் ரத்தக்குழாய் விரலுக்கடியில் மெத்தென்று எழும்பிக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரிவதை நம்பக்கூடாது, விரலுக்குத் தெரிவதைத்தான் குத்த வேண்டும். அதோ தட்டைத் தொடுகிற தடித்த கை பால்பண்ணைக்காரருடையது, இரண்டு முழங்கை மடிப்பிலும் கிடைக்காது, புறங்கையில்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் வளையல் அடுக்கிய கை, ஊசியைப் பார்த்ததும் மயங்கி அவள் மடியில் சாய்ந்த கை. இவர்களில் எத்தனை பேர் ரத்தம் அவள் விரல் வழியாக வந்தது. அந்த விரலைத்தான் வெளங்காது என்கிறார்கள். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உள்ளே ஓடும் நாண்தான் அறுந்தது. வேறு எந்த இரண்டு அறுந்திருந்தாலும் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள் என்று நினைத்தாள். உடனே அதுவும் பொய் என்று தோன்றியது. எது அறுந்தாலும் பயந்திருப்பாள். ஆனால் இந்த இரண்டும் வெறும் விரல்கள் இல்லை. இருபத்தைந்து வயதில் அவளுக்குத் தெரிந்த ஒரே தைரியம் இந்த இரண்டு நுனியில்தான் இருந்தது. மற்ற இடத்திலெல்லாம் அவள் தலைகுனிந்த பிள்ளை. ஊசியோடு உட்கார்ந்தால் மட்டும் போலீஸ்காரரைக்கூட “அசையாதீங்க” என்று அதட்டுவாள்.

அறுத்தது கத்தி இல்லை, அரிவாள் இல்லை, கண்ணாடித் தம்ளர். மேகலா வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, எவர்சில்வர் வேண்டாம், பார்வையாக இருக்காது என்று அம்மா ஷோகேஸிலிருந்து எடுத்து வைத்தது. கண்ணாடியில் ரஸ்னா ஊற்றிக் கொடுத்தால் ஆரஞ்சு நிறம் வெளியே தெரியும், அதில் ஒரு கௌரவம். அவர்கள் குடித்தார்கள், மிக்சர் தின்றார்கள், மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் பார்த்தார்கள், நல்லபடியாகக் கிளம்பினார்கள். எவர்சில்வர் தம்ளருக்குள் நாலு விரலையும் விட்டுச் சுழற்றிக் கழுவிப் பழகிய கை கண்ணாடிக்குள்ளும் அப்படியே போனது. அவ்வளவுதான். தம்ளர் உடைந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடு. வலி இல்லை என்பதுதான் விசித்திரம். மடக்கிப் பார்த்தாள். மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கின. மற்ற இரண்டும் யாரோ கூப்பிடுவதைக் கேளாதவர்கள் மாதிரி நேராக நின்றன. மடங்கு என்றாள். மடங்கவில்லை. தன் உடம்பு தன் சொல்லைக் கேட்காமல் நின்றது அதுதான் முதல் தடவை. பெரியம்மா ஓடிவந்து, நரம்பு சுருண்டிருக்கும், எண்ணெய் போட்டு நீவினால் நீண்டுவிடும் என்று விரலைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். உலகம்மை கையைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, “யாரும் தொடக்கூடாது” என்று கத்தினாள். அவள் கத்தி அந்த வீடு அதற்கு முன் கேட்டதில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. யாரும் தொடக்கூடாது.

பாளையங்கோட்டையில் அறுவை செய்து விரலை மடக்கும் தசைநாணைத் தைத்தார்கள். தைத்ததில் பாதி வேலைதான் முடிந்தது, மீதி என் அறையில் என்றாள் கைப்பயிற்சி கொடுக்கிற ஜெனிபர். வெந்நீரில் பிளாஸ்டிக் தகட்டைப் போட்டாள். அது அப்பளம் நனைந்த மாதிரித் தொய்ந்தது. எடுத்து உலகம்மையின் கைமேல் போர்த்தி, வளைக்க வேண்டிய இடத்தில் வளைத்துப் பிடித்தாள். கதகதப்பாக இருந்தது, பிறகு ஆறியது, பிறகு ஓடாகிவிட்டது. “தைச்ச இடம் இப்போ நனைஞ்ச நூல் மாதிரி. இடது கையால விரலை மடக்கி விடணும், தானா நிமிர விடணும். ஓட்டுல முட்டுற வரைக்கும்தான். அசைக்காமலே வச்சா ஒட்டிக்கும், அவசரப்பட்டா அறுந்திடும். எதையும் பிடிக்கக் கூடாது, கிள்ளக் கூடாது.” உலகம்மை தயங்கித் தயங்கி, சுண்டுவிரலும் பெருவிரலும் நல்லாத்தானே இருக்கு என்று கேட்டாள். “அதுக தனியா வேலை செய்யும்னு நெனைக்காதீங்க. ஒண்ணு இறுகினா பழக்கத்துல மத்ததும் கூட இறுகும்.” அந்த அறையில் ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், ரைஸ்மில் பெல்ட்டில் கை சிக்கியவன். எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்று கட்டைக் கழற்றிவிட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியிருக்கிறான். “டப்புன்னு உள்ள ஒரு சத்தம் தங்கச்சி. வேற ஒண்ணுமில்ல. வாளி கீழகூட விழல” என்று அவளிடம் சொன்னான், ஏதோ வாளிமேல்தான் அவனுக்கு வருத்தம் என்பதுபோல. தைத்தது அறுந்து, மறுபடி அவனுக்குக் கத்தி. அந்த டப் அவளுக்கு இப்போது தவிலில் கேட்கிறது. தவில்காரர் விரலில் மாட்டிய கூட்டைச் சும்மா தட்டிப் பார்க்கிறார், அதில் கேட்கிறது. யாரோ தேங்காய் உடைக்கிறார்கள், அதில் கேட்கிறது. ஒரு நிமிசம் என்று அம்மா சொல்வதே டப் என்று கேட்கிறது.

தட்டு பெண் வீட்டார் பக்கம் திரும்பியிருந்தது. மேடைக்குக் கீழே போட்டோக்காரர் கையை ஆட்டினார். “அக்கா, அந்தக் கையைக் கொஞ்சம் சேலைக்குள்ள வச்சுக்கோங்க. பிரேம்ல வெள்ளையா அடிக்குது.” முந்தானை அவள் தோளிலிருந்து தாராளமாகத்தான் தொங்கியது, இழுத்து மூடினால் மூடலாம். உலகம்மை கட்டைத் தூக்கி மேகலாவின் நாற்காலி முதுகின் மேல் வைத்தாள். நன்றாக அடிக்கட்டும். இன்னும் இருபது வருடம் கழித்து ஆல்பத்தைப் புரட்டுகிற பிள்ளைகள் இது என்ன என்று கேட்கட்டும். பதில் சொல்ல அவளுக்கு விரலும் இருக்கும், வாயும் இருக்கும். வீரமாகத்தான் இருந்தது நினைக்க. ஆனால் அந்த வீரத்துக்கு அடியில் ஒரு மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனி ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலிக் கையில் பாவாடை நாடாவைக் கட்டிப் பார்த்துவிட்டாள். ஒற்றைக் கையால் சுற்ற முடிகிறது, நுழைக்க முடிகிறது, இழுக்கும்போது மறு நுனி கூடவே ஓடி வந்துவிடுகிறது. ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டால் அழகாக விழுகிறது முடிச்சு. ஆனால் தாலியை எச்சில் படுத்தினாள் என்று அப்புறம் மேகலாவுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட இவள் பல்லைத்தான் குறை சொல்வார்கள். வேறு யாராவது ஒரு நுனியைப் பிடித்தால்? அதையும் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள். “இன்னொருத்தி கை பட்டா அவதான் கட்டினான்னு பேச்சு வரும். கட்டுனா முழுசாக் கட்டு. இல்லைன்னா எறங்கிரு.” இடது கையால் கட்டுவதே அம்மாவுக்கு ஒப்பவில்லை. நல்ல காரியத்துக்கு இடது கை நீளக் கூடாது. கடையில் பாக்கிச் சில்லறை வாங்கக்கூட இடது கையை நீட்டினால் கடைக்காரர் மேஜைமேல் வைத்துவிட்டு விரலை எடுத்துக்கொள்கிறார். இடது கை என்ன தப்புச் செய்தது? இத்தனை நாள் அவளைக் குளிக்க வைத்தது, தின்ன வைத்தது, பொழுது தவறாமல் வலது விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, பச்சைப்பிள்ளைக்குக் கைதட்டச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி மடக்கி விட்டது. முந்தாநாள் நடுவிரல் உள்ளங்கையைத் தொட்டது. தானாக இல்லை, தொடவைத்து. ஆனாலும் தோல் தோலைத் தொட்டதும் உள்ளே ஏதோ வழுக்கி நகர்ந்தது தெரிந்தது, கிணற்றுக்குள் கயிறு இறங்குகிற மாதிரி. கயிறு இருக்கிறது. அறுபடவில்லை. குளியலறையில் உட்கார்ந்து அதற்காகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஒரு நிமிசத்துக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். ஏன்? யார் இந்த மேகலா? இதுவரை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் குனிந்த தலை, நடு வகிடு, காதில் ஆடும் ஜிமிக்கி. அவளுக்காக எடுத்து வைத்த தம்ளர்தான் அறுத்தது, அவளுக்குப் போடும் முடிச்சில் மறுபடி அறுபட வேண்டுமா? சே, அவள் என்ன செய்வாள் பாவம், அவள் ரஸ்னாகூடக் குடிக்கவில்லை, அன்றைக்கு வரவே இல்லை.

மாமா படியேறிக்கொண்டிருந்தார். தட்டு வந்துவிட்டது. முன்வரிசையில் சித்தி முத்துச்செல்வியின் முதுகைத் தொட்டாள், லேசாகத்தான், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. முத்துச்செல்வி எழுந்து மணவறை ஓரத்தில் வந்து நின்றாள். நல்லவள்தான், சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே கொய்யாவைக் கடித்தவர்கள். அம்மாவும் எப்போது வந்தாளோ, உலகம்மையின் வலப்பக்கம் ஒட்டி நின்றாள், முகத்தில் சபைக்கான சிரிப்போடு. “கழத்துதியா, எறங்குதியா?” என்று அந்தச் சிரிப்புக் குறையாமலே கேட்டாள். ஐயர் விரலை உயர்த்தினார். தவிலும் நாயனமும் ஒரேயடியாக இடிந்து விழுந்தன. நாலாபக்கமும் இருந்து மஞ்சள் அரிசியும் பூவும் வந்து அடித்தன. திருமலை குனிந்து மேகலாவின் கழுத்தைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்தான். விரல்கள் நடுங்கின. பாவி, நல்ல விரல் பத்து இருந்தும் நடுங்குகிறான். ஒரு முடிச்சு விழுந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்து “அக்கா” என்று மட்டும் சொல்லிக் கையை எடுத்துக்கொண்டான்.

சர்ரென்றது. அம்மாவின் கை பட்டியில் இருந்தது. மேளத்துக்குள் அந்தச் சத்தம் உலகம்மைக்கு மட்டும் கேட்டது. முழங்கையை வெடுக்கென்று இழுத்து, கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “தொடாதீங்கம்மா” என்றாள். நாயனக்காரர் ஊதிக்கொண்டே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னாள். முத்துச்செல்வி ஒரு அடி முன்னால் வந்து, “உலகா, நான் வேணா...” என்றாள். “நில்லு.” உலகம்மை குனிந்தாள். வேர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கிடந்த கயிற்றின் ஒரு நுனியை இடது கையில் எடுத்தாள். மற்றது பூவுக்குக் கீழே தொங்கியது. எடுத்ததைச் சுற்றினாள், நுழைத்தாள், இழுத்தாள். தொங்கிய நுனி கூடவே ஓடிவந்தது. மறுபடி சுற்றினாள். மறுபடி ஓடிவந்தது. கெட்டிமேளம் ஒரு சுற்று நீண்டுவிட்டது, தவில்காரர் நெற்றியைச் சுருக்கினார். “என்ன அங்க?” என்று கீழேயிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. யாரோ “இடது கை, இடது கை” என்றார்கள். வலது கையின் விரல்கள் ஓட்டுக்குள் தாமாகவே துடித்தன, உதவிக்கு வர. அடங்கு, அடங்கு என்று பல்லைக் கடித்தாள். மூன்றாவது தடவை சுற்றத் தொடங்கினாள்.

மாலை அசைந்தது. மாலைக்கடியிலிருந்து மருதாணி சிவந்த ஒரு கை வெளியே வந்து, தோளுக்கு மேலாக மடங்கி, பின்னங்கழுத்தைத் தடவித் தேடியது. முதலில் பூவைத் தொட்டது, பிறகு பிளாஸ்டிக் ஓட்டின் விளிம்பைத் தொட்டு விலகியது. “எந்த நுனி மைனி?” என்று மேகலா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“தொங்குதுல்லா, அது.”

மேகலா அதை இரண்டு விரலால் பிடித்து, விறைப்பாக இழுத்து வைத்துக்கொண்டாள். உலகம்மை தன் கையிலிருந்த நுனியை அதைச் சுற்றிக் கொண்டுவந்து, உள்ளே நுழைத்து, இறுக்கினாள். பிறகு இன்னொன்றும் போட்டாள்.